தீந்து போச்சா, தீஞ்சு போச்சா?

இலக்கணத்தை எழுதுவது புலவர்களா, தெருவில் பேசுகிறவர்களா?

கல்யாண மண்டபத்தில் மூன்றாவது பந்தி. இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்து, சோறும் விழுந்தாயிற்று. காலி வாளியோடு சமையற்கட்டுக்கு ஓடிவந்த பையன் வாசலிலேயே நின்று கத்துகிறான்: "அண்ணே, சாம்பார் தீந்து போச்சு!" உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல். கூட்டு கிளறிக்கொண்டிருந்த மாஸ்டர் காதில் விழுந்தது வேறு. கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய் அடுப்பை அணைக்கிறார். அண்டா மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். "எங்கடா தீஞ்சிருக்கு? வாசனை நல்லாத்தானே இருக்கு!" பையன் தலையில் அடித்துக்கொள்கிறான். "தீயலண்ணே, தீந்துருச்சு. வாளி காலி!"

ஒன்று தீர்ந்து. இன்னொன்று தீய்ந்து. எழுதும்போது ர், ய் என்ற இரண்டு மெய்யெழுத்துகள் வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. பேச்சில் இரண்டுமே காணாமல் போய்விட்டன. ஆனாலும், ஃபேன் இரையாத வீடுகளில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஏனென்றால் ய் சும்மா போகவில்லை. போகிற போக்கில் பக்கத்திலிருந்த 'ந்த'வை 'ஞ்ச' ஆக்கிவிட்டுப் போயிருக்கிறது. ர் அப்படி எதையும் தொடுவதில்லை.

சந்தேகமிருந்தால் உங்கள் வாயையே சோதித்துப் பாருங்கள். சாய்ந்தது என்பது சாஞ்சுது. சேர்ந்தது என்பது சேந்துது. நல்ல மாப்பிள்ளை வாய்த்தால் "வாச்சுது". தோசை வார்த்தால் "வாத்தேன்". படித்தேன், சிரித்தான், முடிந்தது, வைத்தாள் எல்லாம் படிச்சேன், சிரிச்சான், முடிஞ்சுது, வச்சா ஆகும். கொடுத்தான், நடந்தான், பார்த்தான் ஒருநாளும் குடுச்சான், நடஞ்சான், பாச்சான் ஆகாது. வினையடி இ, ஐ, ய் என்ற ஒலிகளில் முடிந்தால் இறந்தகாலத்தின் த்த, ந்த இரண்டும் ச்ச, ஞ்ச ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. இவ்வளவுதான் விதி. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. பரீட்சையில் கேட்டதும் இல்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தைகூடப் "பாச்சேன்" என்று சொல்வதில்லை. பெயர்ச்சொல் பக்கம் இந்த விதி அதிகம் போவதில்லை என்பதும் அதற்குத் தெரியும். அதனால்தான் சித்தி எந்த வீட்டிலும் "சிச்சி" ஆகவில்லை.

"பேச்சுக்கு ஏதுங்க இலக்கணம், வாய்க்கு வந்தபடி பேசுறதுதானே?" என்பவர்களுக்கு இந்தச் சாம்பார் வாளி ஒன்றே போதுமான பதில்.

ஆயிரம் ஆண்டு 'வச்ச'

இது சினிமாவும் டிவியும் கெடுத்த தமிழ் என்று எண்ண வேண்டாம். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க நிவந்தம் விட்ட செய்திகளைப் படித்தால் "வைச்ச" விளக்கு, "வைச்ச" ஆடு என்ற வடிவம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். செந்தமிழில் அது 'வைத்த' என்றிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வாய் இந்த விதிக்குப் பழகிவிட்டது. கல்லில் வெட்டியவரும் அதைத் திருத்தவில்லை.

எழுத்தில் ஒரு தமிழ், பேச்சில் ஒரு தமிழ் என்ற இந்த நிலையை மொழியியலில் இரட்டை வழக்கு என்பார்கள். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் புழங்கும் கருத்து இது. ஹெரால்டு ஷிஃப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பேச்சுத் தமிழுக்கென்றே தனி இலக்கண நூல் எழுத, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை 1999இல் வெளியிட்டது.

பெட்டிச் செய்தி: இரண்டு இலக்கணம் எழுதிய பாதிரியார்

வீரமாமுனிவர் என்று நாம் அறியும் இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி, செந்தமிழுக்கு ஒன்று, மக்கள் பேசும் 'கொடுந்தமிழு'க்கு ஒன்று எனத் தனித்தனியே இலக்கணம் எழுதினார். லத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஊருக்குள் போய்ப் பேச வேண்டிய பாதிரிமார்களுக்குச் செய்யுள் தமிழ் மட்டும் கைகொடுக்காது என்பதை அவர் கண்டுகொண்டார்.

தொல்காப்பியர் தயங்கிய இடம்

தமிழ் இலக்கணம் என்றாலே 'தப்பு' என்று பிரம்பெடுக்கும் வாத்தியார் முகம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. மூல நூல்களைத் திறந்தால் கதை வேறாக இருக்கிறது. கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய இலக்கணமான தொல்காப்பியம், நூலுக்கான சான்றாக வழக்கு, செய்யுள் இரண்டையும் எடுத்துக்கொண்டதாக அதன் பாயிரம் சொல்கிறது. முதலில் நிற்பது வழக்கு, அதாவது மக்கள் பேசுவது. பன்னிரண்டு நிலங்களின் வட்டாரச் சொற்களுக்குத் 'திசைச்சொல்' என்று பெயர் கொடுத்து, செய்யுளுக்குள்ளேயே இடமும் ஒதுக்கியது அந்த நூல்.

அதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரே ஆளைப் பன்மையில் சொல்லும் பழக்கம் பற்றிய நூற்பா அது. 'அவன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மரியாதைக்காக 'அவர்' என்கிறோமே, அது. தொல்காப்பியர் அதைத் தவறென்று தள்ளவில்லை. முழு மனதோடு ஏற்கவும் இல்லை. இது வழக்கில் உண்டான உயர்வுச் சொல், இலக்கண வழியில் வந்ததில்லை என்று பதிவுசெய்துவிட்டு நகர்கிறார். தெருவில் ஒரு புது விதி முளைப்பதைக் கண்டு, அதைத் தேதியில்லாமல் குறிப்பெழுதி வைத்த அதிகாரியின் கோப்பு போலிருக்கிறது அந்த நூற்பா.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 'அவர்' நிரந்தரமாக ஒருமைக்குப் போய்விட்டது. பலரைக் குறிக்க வேறு வழி தேவைப்பட்டபோது, 'கள்' விகுதியை இழுத்துவந்து ஒட்டினோம்: அவர்கள். இந்தக் 'கள்'ளை அஃறிணைப் பெயர்களோடு சேரும் பன்மையாகத்தான் தொல்காப்பியம் பேசுகிறது. அதை மனிதர்களுக்குப் போடுவது அன்றைய கணக்கில் அத்துமீறல். ஆனால் திருக்குறளிலேயே 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என்று வந்துவிட்டது. பிறகு 'அவர்கள்' என்பதையும் மரியாதைக்காக ஒருவருக்கே கொடுத்தோம். "தலைவர் அவர்கள் வருகிறார்கள்" என்று அழைப்பிதழில் அச்சடித்தால் இன்று யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை.

நன்னூல் திறந்த கதவு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுத உட்கார்ந்தபோது, தொல்காப்பிய விதிகளில் சில அவர் காதில் கேட்ட தமிழோடு ஒத்துப்போகவில்லை. அ, ஐ, ஔ சேர்ந்த சகரம் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியம். அப்படியானால் சட்டி, சந்தை, சண்டை, சங்கு எல்லாம் எங்கே போவது? பவணந்தியார் தடையை எடுத்துவிட்டார். பன்னிரண்டு உயிரோடும் ச சொல் முதலில் வரலாம் என்றார். யகரம் 'யா' வடிவில் மட்டும்தான் முதலில் வரும் என்றிருந்ததை ஆறு உயிர்களுக்கு விரித்தார். நிகழ்காலம் காட்டும் கிறு, கின்று சங்கப் பாடல்களில் அரிதினும் அரிது. மக்கள் வாயில் அவை பெருகிய பிறகு, நன்னூல் அவற்றைக் கால இடைநிலைப் பட்டியலில் சேர்த்தது.

'உண்டு' என்ற சொல்லின் கதையும் இதுதான். உள் என்பதோடு 'து' சேர்ந்த அஃறிணை ஒருமை வடிவம் அது. "எனக்கு ஒரு தம்பி உண்டு", "இரண்டு அக்காமார் உண்டு" என்று ஊரே பேசத் தொடங்கிய பின், திணை பால் இடம் எல்லாவற்றுக்கும் பொது என்று நன்னூல் அனுமதி கொடுத்துவிட்டது. சிதைந்த வடிவங்களுக்குக்கூட 'மரூஉ' என்று பெயரிட்டு, இயல்பு வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது. கோயம்புத்தூர் கோவை ஆனதையும் தஞ்சாவூர் தஞ்சை ஆனதையும் நாம் பிழை என்று சொல்லாமல் இருப்பதற்கு அதுவே சாசனம்.

'அல்ல' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பவணந்தி கிடைக்கவில்லை. இலக்கணப்படி அது அஃறிணைப் பன்மைக்கு மட்டுமே உரியது. அது அன்று, அவை அல்ல, அவன் அல்லன், அவள் அல்லள், நான் அல்லேன் என்று வர வேண்டும். "குற்றவாளி நான் அல்லேன்" என்று இன்று எந்த நீதிமன்றத்திலாவது யாராவது சொன்னால், நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் 'அல்ல' எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. தமிழாசிரியர்களில் சிலர் மட்டும் இன்னமும் 'அன்று'க்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

பெட்டிச் செய்தி: யாழ்ப்பாணத்தில் வாழும் 'உவன்'

அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பள்ளியில் படித்திருப்போம். தமிழ்நாட்டுப் பேச்சில் அவன், இவன் மட்டும்தான் மிச்சம். ஆனால் யாழ்ப்பாணத்தில் உவன், உது, உங்கை என்று இன்றும் பேசுகிறார்கள். இங்கே பாடநூலில் மட்டும் கிடக்கும் தொல்காப்பிய விதி, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தினசரிப் பேச்சாக இருக்கிறது. எது கொச்சை, எது செம்மை என்று முடிவுகட்டும் முன் இதையும் யோசிக்கலாம்.

சுவற்றில் எழுதாதீர்

இப்போது வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லைப் பார்ப்போம். ஊரெங்கும் பெயின்டில் எழுதியிருக்கும் எச்சரிக்கை: "சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்". பிழை. 'சுவரில்' என்பதே சரி. பிழை திருத்தும் வகுப்புகளில் முதல் நாளே அடிவாங்கும் சொல் இது. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் தப்புச் செய்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும்.

வயிறு, கயிறு, கிணறு ஆகியவை வேற்றுமை ஏற்கும்போது வயிற்றில், கயிற்றில், கிணற்றில் ஆகும். பேச்சில் வயித்துல, கயித்துல, கெணத்துல. இரண்டு குறில் ஓசை, கடைசியில் 'று'. சுவர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை, எழுத்தில். பேச்சில் நாம் மெய்யெழுத்தில் நிறுத்துவதில்லை. பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிச் 'செவரு' என்போம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ர, ற இரண்டுக்கும் இப்போது ஒரே ஒலி. ஆக, காதுக்குச் செவரும் ஒன்றுதான், வயிறும் ஒன்றுதான். கெணத்துல என்றால் செவத்துல என்பது தானாக வந்துவிடுகிறது. அதை எழுத்துத் தமிழுக்குத் திருப்பும்போது கிணற்றில் போலச் சுவற்றில். தேர், மோர் போன்ற சொற்களில் ஓசை அளவு வேறு என்பதால் அவை இந்த வலையில் மாட்டுவதில்லை. தேத்துல என்று யாரும் சொல்வதில்லை.

அறியாமையில் பிறந்த பிழை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருக்கும் விதியை ஒழுங்காகப் பின்பற்றியதன் விளைவு இது. இன்றைக்கு நான் 'சுவரில்' என்றுதான் எழுதுவேன். இந்த இதழின் பிழைதிருத்துநரும் விடமாட்டார். ஆனால் நூறு ஆண்டு கழித்து வரும் இலக்கண ஆசிரியர் 'சுவற்றில்' என்பதற்கும் ஒரு நூற்பா எழுதினால் வியப்பில்லை.

அப்படியென்றால் எல்லாப் பிழையும் நாளைய இலக்கணமா? இல்லை. பள்ளியைப் பல்லி என்று எழுதினால் பொருளே மாறிவிடும். பேச்சில் ல, ள பிசகினாலும் எழுத்தில் அந்த வித்தியாசத்தைத் தமிழர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பல வட்டாரங்களில், படித்தவர் படிக்காதவர் எல்லோர் வாயிலும், ஒரு காரணத்தோடு வருவது நிலைக்கிறது. அவசரத்தில் தட்டச்சில் விழுந்தது நிலைப்பதில்லை.

அப்பா வந்தார்களா, வந்தாரா?

இதெல்லாம் புலவர் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். பில் கட்டுவது பிள்ளைகள்.

கொங்கு நாட்டிலும் தென்மாவட்டங்களிலும் பல வீடுகளில் "எங்கப்பா வந்தாங்க" என்றுதான் குழந்தை பேசும். தஞ்சைப் பக்கத்துக் குழந்தை "எங்கப்பா வந்தார்" என்னும். இரண்டும் மரியாதைதான். எழுதச் சொன்னால் முதல் குழந்தை தன் பேச்சை ஒழுங்காக மொழிபெயர்த்து "அப்பா வந்தார்கள்" என்று எழுதுகிறது. சிவப்பு மை விழுகிறது: ஒருமை பன்மை மயக்கம். இரண்டாவது குழந்தைக்கு முழு மதிப்பெண். தலைவர் அவர்கள் வருகிறார்கள் என்றால் பண்பாடு. அப்பா வந்தார்கள் என்றால் பிழை. தன் வீட்டு மரியாதை ஏன் தப்பாகிறது என்று அந்தக் குழந்தைக்கு யாரும் விளக்குவதில்லை. வீட்டில் நாளிதழோ புத்தகமோ இல்லாத, முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, எழுத்துத் தமிழ் கிட்டத்தட்ட இரண்டாவது மொழி. அதற்குத் தமிழே வரவில்லை என்ற முத்திரை விழும்போது, அது அடுத்து வாயை மூடிக்கொள்கிறது.

பேச்சுத் தமிழ் எழுத்தைவிட நுட்பமாக இருக்கும் இடமும் இங்கேதான். பல ஊர்களில் ஆணுக்கு 'அவர்', பெண்ணுக்கு 'அவங்க' என்று மரியாதையிலேயே பால் வேறுபாடு காட்டுகிறார்கள். எழுத்தில் இருவருக்கும் 'அவர்' ஒன்றுதான். அதே 'அவங்க' பலரையும் குறிக்கும். பல வீடுகளில் மனைவி தன் கணவரைச் சொல்வதும் அதே சொல்லால்தான்.

இந்த நுட்பம் காவல் நிலைய மேசையில் ஆபத்தாகலாம். ஒரு பெண் வந்து "அவங்க அடிச்சாங்க" என்கிறார். எழுதுபவர் "அவர்கள் அடித்தார்கள்" என்று எழுதினால் கணவர் ஒருவர் என்பது மாமியார், நாத்தனார் சேர்ந்த கூட்டமாகிவிடும். "அவர் அடித்தார்" என்று எழுதினால் உண்மையிலேயே கூட்டமாக வந்து அடித்தவர்கள் ஒருவராகச் சுருங்கிவிடுவார்கள். "யாரும்மா, ஒருத்தரா, பலபேரா?" என்ற ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. எழுத்துத் தமிழில் பழகிய கைக்கு அந்தக் கேள்வி தோன்ற வேண்டுமே.

போனில் பேசினால் எழுதிக்கொடுக்கும் செயலிகளுக்கும் இதே தலைவலி. எழுத்துத் தமிழை மட்டும் தின்று வளர்ந்த கணினிக்குத் "தீஞ்சுருச்சு" புரிய வேண்டுமென்றால் திருநெல்வேலியும் தர்மபுரியும் மட்டக்களப்பும் பேசுவதை யாராவது உட்கார்ந்து பதிவுசெய்து, விதி கண்டாக வேண்டும். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலையை எழுத்தாளர்கள் தோளில் சுமந்தார்கள் என்பது பெருமையா, வெட்கமா என்று தெரியவில்லை.

பெட்டிச் செய்தி: ஏதென்ஸில் ஓடிய ரத்தம்

நற்செய்தி நூலைப் பேச்சுக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்ததை எதிர்த்து 1901இல் ஏதென்ஸில் கலவரம் வெடித்து 8 பேர் உயிரிழந்தார்கள். செம்மைக் கிரேக்கமா, பேச்சுக் கிரேக்கமா என்ற சண்டை பல தலைமுறை நீடித்தது. 1976இல் கிரேக்க அரசு பேச்சுமொழி அடிப்படையிலான வடிவத்தையே கல்விக்கு உரியதாக அறிவித்தது.

பேசுவதையே எழுதிவிடலாமா?

கிரேக்கர் செய்ததை நாமும் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. யாருடைய பேச்சை எழுதுவது என்பதில்தான் சிக்கல். மதுரையின் பேச்சையா, நாகர்கோவிலின் பேச்சையா, வல்வெட்டித்துறையின் பேச்சையா, கோலாலம்பூரின் பேச்சையா? பேச்சில் ஊர் மட்டுமில்லை, சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டை 'ஆம்' என்பவரும் 'வூடு' என்பவரும் வாயைத் திறந்த மறுகணமே அடையாளம் காணப்பட்டுவிடுகிறார்கள். கவிஞரும் மொழியியலாளருமான ஏ. கே. ராமானுஜன் 1960களிலேயே இதைத் தனியாக ஆராய்ந்து எழுதினார். யாருடைய ஊரையும் சாதியையும் காட்டிக்கொடுக்காத, மலேசியத் தமிழரும் ஈழத் தமிழரும் நாமும் ஒன்றாகப் படிக்கக்கூடிய ஒரு பொது எழுத்துத் தமிழ் வேண்டும். அதை இழக்க நான் தயாரில்லை.

இதற்கிடையே, யாரிடமும் கேட்காமல் பேச்சை எழுத ஆரம்பித்துவிட்டது வாட்ஸ்அப் தலைமுறை. "வந்துட்டேன்", "சாப்ட்டியா", "போய்ட்டு வரேன்" என்று நாளெல்லாம் தட்டுகிறார்கள். 'வந்துட்டேன்' என்பதா 'வந்திட்டேன்' என்பதா என்று தீர்ப்புச் சொல்ல எந்த அகராதியையும் அவர்கள் புரட்டுவதில்லை. ஆங்கிலச் சொல் வந்தாலும் விதியை மீறுவதில்லை: 'கால் பண்றேன்' உண்டு, 'கால்கிறேன்' கிடையாது. அயல்மொழி வினைக்குத் தமிழ் விகுதியை நேரடியாக ஒட்டாமல், நடுவில் ஒரு 'பண்ணு'வை வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறது தமிழ். யாரும் உட்கார்ந்து வகுத்த விதியில்லை இது. கோடிக்கணக்கானவர்கள் கடைப்பிடிக்கும் விதி.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளையின் நோட்டில் 'படிச்சேன்' என்றோ 'அப்பா வந்தார்கள்' என்றோ பார்த்தால், கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "பேசும்போது இது சரி. எழுதும்போது படித்தேன், வந்தார்." அப்படியே, படிச்சேன் என்பவர்கள் ஏன் நடஞ்சேன் என்பதில்லை என்றும் வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.